மரத்த கையின் வரலாறு

முழங்கையை மேசை விளிம்பில் இடித்துக் கொள்ளாதவர் நம்மில் இரார். இடிப்பது முழங்கை, துடிப்பதோ சுண்டுவிரல்! 'சுரீர்' என்று ஓர் அதிர்ச்சி முன்கை வழியே ஓடி, சுண்டுவிரலையும் அதை அடுத்த மோதிரவிரலையும் தொட்டு நிற்கிறது. கட்டைவிரல் அந்தச் செய்தியை அறியாமலே இருக்கிறது. இடித்த இடம் ஒன்று, உணர்ந்த இடம் வேறொன்று என்பது எதனால்? முழங்கை எலும்பின் பின்னே, தோலுக்கு மிக அண்மையில் ஒரு நரம்பு செல்கிறது. சுண்டுவிரலின் சூடும் குளிரும், தொடுதலும் நோதலும் மூளையை நாடிச் செல்லும் பாதை அதுவே. பாதையின் நடுவே தட்டினாலும், செய்தி புறப்பட்ட இடம் விரல்தான் என்று மூளை கொள்கிறது.

கையைத் தலைக்கு அணையாக வைத்து உறங்கி எழுந்தால் கை மரத்துப் போகிறது. எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருக்கிறது. இரண்டு முறை உதறினால் உணர்வு திரும்புகிறது. நரம்பு அழுந்தியது, விடுபட்டது, அவ்வளவே. ஆனால், உதறினாலும் திரும்பாத மரப்பும் உண்டு. நீரிழிவு கட்டுக்கடங்காமல் நீடித்தால் அது வரும். உடலில் பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தால் வரும். மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பு நெருக்குண்டால் கட்டைவிரல் பக்கத்து விரல்களில் வரும். கழுத்தில் நரம்பின் வேர் அழுந்தினாலும் வரும். மரப்பு என்பது தனியொரு நோயன்று. அது நரம்பு விடுக்கும் முறையீடு. எந்த நரம்பு, எந்த இடத்தில், எதனால் முறையிடுகிறது என்று கேட்டறிவதுதான் மருத்துவம்.

அந்த முறையீட்டைக் கேட்க மறுத்து, மனித இனம் பல நூற்றாண்டுகளைப் பாழாக்கிய கதை ஒன்று உண்டு. அதுதான் தொழுநோயின் கதை. 'பெருநோய்' என்றும் 'குட்டம்' என்றும் பெயர் சொல்லவே நாக்கூசி, மக்கள் ஒதுங்கி ஓடிய அந்த நோய், உள்ளபடியே ஒரு நரம்பு நோய். கை மரப்பதில் தொடங்குவது. அதன் தொடக்கத்தைப் பார்க்காமல் முடிவை மட்டுமே பார்த்து, அந்த முடிவுக்கும் பொய்யான காரணம் கற்பித்தவர்கள் எத்தகைய கொடுமைக்கு வழி வகுத்தார்கள் என்பதை நாம் அறிதல் வேண்டும். பழங்கதை என்று அதைத் தள்ளிவிட இயலாது. அந்தப் பொய் இன்னும் நம் தெருக்களில் நடமாடுகிறது.

நோய் மிகத் தொன்மையானது. இராசத்தானத்தில் பாலாத்தல் என்னும் இடத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஓர் எலும்புக்கூட்டில் தொழுநோயின் வடுக்கள் காணப்பட்டன என்று 2009-ஆம் ஆண்டில் ஆய்வாளர் அறிவித்தனர். ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதனின் எலும்புகள் அவை. நம் பழைய மருத்துவரும் இந்நோயை அறியாதவர் அல்லர். சரகர் பெயராலும் சுசுருதர் பெயராலும் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்கள், குட்டத்தின் அறிகுறிகளைச் சொல்லுமிடத்தில் தோல் உணர்விழத்தலையும் சேர்த்தே சொல்கின்றன. நோயாளியைத் தொட்டுப் பார்த்த கை, மரத்த தோலைக் கண்டுகொண்டது.

ஆனால், தொட்டுப் பார்த்தவன் சொல் ஏறவில்லை. தொடாதே என்றவன் சொல்லே ஏறிற்று! மனுவின் நூலில் பதினோராம் அத்தியாயத்தைப் புரட்டினால் ஒரு விந்தையான பட்டியலைக் காணலாம். பொன் திருடியவனுக்கு நகம் கெடும். கள் அருந்தியவனுக்குப் பல் கறுக்கும். பார்ப்பனனைக் கொன்றவனுக்குச் சயம் வரும். ஆடை திருடியவனுக்கு வெண்குட்டம் தோன்றும். குதிரை திருடியவன் முடவன் ஆவான். முற்பிறவியில் செய்த குற்றத்தை இப்பிறவியில் உடல் காட்டிக் கொடுக்கிறதாம்! இன்றைய மருத்துவம் வெண்குட்டத்தையும் தொழுநோயையும் வேறு வேறென்று பிரித்துவிட்டது. வெண்குட்டத்தில் தோல் நிறம் இழக்கிறது, உணர்வை இழப்பதில்லை, அது எவருக்கும் தொற்றுவதும் இல்லை. விரலால் தொட்டால் விளங்கிவிடும் இந்த வேறுபாடுகூட, வினைப்பயன் கணக்கு எழுதியவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் கணக்கின் கொடுமை எங்கே இருக்கிறது? நோயாளிக்கு இரங்க வேண்டிய உள்ளத்தை அது பூட்டிவிடுகிறது. அவன் திருடியவன், எனவே அழுகுகிறான் என்று சொல்லிவிட்டால், அவனுக்கு மருந்து தேடுவது தண்டனையைத் தடுப்பதாகிவிடும் அல்லவா? 'அவன் செய்த வினை' என்னும் மூன்று சொற்களில் மருத்துவனின் வேலையும் முடிகிறது. அண்டை வீட்டானின் கடமையும் முடிகிறது.

நம் நாட்டில் மட்டுமே இந்த நிலை என்று எண்ணிவிட வேண்டா. யூதர்களின் மறையில் லேவியராகமம் என்னும் பகுதியின் பதின்மூன்றாம் அதிகாரம், தோலில் குறி கண்டவனைப் பூசாரியிடம் கொண்டு செல்லச் சொல்கிறது. பூசாரி பார்ப்பான், தீட்டு என்று அறிவிப்பான், அந்த மனிதன் பாளையத்துக்கு வெளியே குடியிருக்க வேண்டும். அங்கே கூறப்படுவது இன்றைய தொழுநோய்தானா என்பதே ஐயம் என்பர் அறிஞர். ஆயினும் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பா பல நூற்றாண்டுகள் நடந்தது. 1179-ஆம் ஆண்டில் உரோமில் கூடிய கிறித்தவப் பேரவை, தொழுநோயாளருக்குத் தனிக்கோவிலும் தனி இடுகாடும் வகுத்தது. சில இடங்களில், உயிரோடு நிற்கும் நோயாளிக்கே இறுதிச் சடங்கைப் போன்றதொரு சடங்கை நடத்தி ஊரைவிட்டு அனுப்பினர். 1321-இல் பிரான்சு நாட்டில், கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்று பழி சுமத்தித் தொழுநோயாளரைப் பிடித்து நெருப்பிலிட்டனர். மதம் வேறு, மொழி வேறு, மடமை ஒன்றே!

மடமையின் மதிலில் முதல் கல்லைப் பெயர்த்தது நோர்வே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது செல்வ நாடன்று. அதன் மேற்குக் கரையில் மீன்பிடித்தும் சிறு நிலம் உழுதும் பிழைத்த ஏழைகளிடையே தொழுநோய் மிகுந்திருந்தது. பெர்கன் நகரில் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே தொழுநோயாளர் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே பணியாற்றிய தானியேல்சன் என்னும் மருத்துவர், போக் என்பவருடன் சேர்ந்து 1847-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். நோயாளரை ஒவ்வொருவராக ஆய்ந்து, நரம்பு தடிப்பதையும் உணர்வு மறைவதையும் படம் வரைந்து காட்டிய நூல் அது. ஆனால் 'காரணம் யாது?' என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடை: பிறப்பு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இரத்தத்தில் இறங்கும் நோய் என்றார். நோய் தொற்றுவதன்று என்று காட்டத் தம் உடலிலேயே நோயாளியின் சதைப்பொருளைச் செலுத்திப் பார்த்த துணிவுடையவர் அவர். துணிவு பெரிது, முடிவு தவறு.

நோர்வே அரசு 1856-இல் நாடு முழுவதற்கும் ஒரு பதிவேடு ஏற்படுத்தியது. எந்த ஊரில், எந்த வீட்டில், எவருக்கு நோய் என்று பெயர் பெயராக எழுதினார்கள். 'விதி' என்று விட்டுவிடாமல் எண்ணத் தொடங்கினார்களே, அங்கேதான் விடிவு பிறந்தது. 1868-இல் பெர்கனில் பணியேற்ற இளைஞர் ஜெரார்டு ஹான்சன், அந்தப் பதிவேட்டைப் படித்தார். கரையோர ஊர்களுக்குச் சென்று குடும்பங்களை விசாரித்தார். பிறப்பு என்ற விடை பொருந்தவில்லை. நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது என்று தோன்றியது. 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல், நோயாளி ஒருவரின் தோல் முடிச்சிலிருந்து எடுத்த பொருளை நுண்ணோக்காடியின் கீழ் வைத்துப் பார்த்தார். சிறு கோல்களைப் போன்ற உருவங்கள் அங்கே கிடந்தன. சாபமும் அன்று, முற்பிறவியும் அன்று, பிறந்த குடியும் அன்று. காரணம் ஒரு கிருமி!

'பிறப்பால் வருவது' என்று பெரியவர் ஒருவர் எழுதி வைத்ததை, பதிவேட்டையும் நுண்ணோக்காடியையும் துணையாகக் கொண்ட ஓர் இளைஞர் மறுத்தார். அப்பெரியவர் ஹான்சனின் மேலதிகாரி மட்டுமல்லர். அவருடைய மாமனாரும் ஆவார்! உறவும் மதிப்பும் உண்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. பிறப்பைக் காட்டியே மனிதனை ஒதுக்கிப் பழகிய நாட்டில் வாழும் நாம், இந்த நிகழ்ச்சியை நெஞ்சில் நிறுத்த வேண்டும்.

இந்த வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதை மறைப்பது பகுத்தறிவாகாது. கிருமியைக் கண்டாரே ஒழிய, அதனால்தான் நோய் உண்டாகிறது என்று மெய்ப்பிக்க ஹான்சனால் இயலவில்லை. 1879-இல், மருத்துவமனையிலிருந்த பெண்ணொருத்தியின் கண்ணில், அவளுடைய இசைவைக் கேளாமலே, வேறொரு நோயாளியின் சதைப்பொருளைக் கருவியால் செலுத்தினார். அந்தப் பெண் முறையிட்டாள். 1880-இல் நீதிமன்றம் ஹான்சனைக் குற்றவாளி என்று தீர்த்து, மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. உலகம் போற்றும் அறிஞன் ஆயினும், ஏழை நோயாளியின் உடல் அவனுடைய ஆய்வுக்கூடப் பொருளன்று என்று ஒரு நீதிமன்றம் அன்றே சொன்னது. அறிவு பெரிது, அறிவின் பெயரால் அநீதி செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

இனி, அந்தக் கிருமி கையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது மிக மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதனால் உடலில் புகுந்து ஐந்தாண்டு, சில வேளை இருபதாண்டு கழித்தும் நோய் தலைகாட்டும். உடலின் குளிர்ந்த பகுதிகளையே அது விரும்புகிறது. தோலும், தோலை ஒட்டி ஓடும் நரம்புகளும் அதன் உறைவிடம். முழங்கையில் இடித்துக் கொள்கிறோமே, அதே நரம்பு அதற்கு வாய்ப்பான இடம். நரம்பு தடிக்கிறது. சுண்டுவிரல் மதமதக்கிறது, பின்பு மரக்கிறது, பின்பு விரலை நிமிர்த்தும் சிறு தசைகள் மெலிந்து, மோதிரவிரலும் சுண்டுவிரலும் கொக்கி போல் மடங்குகின்றன. மணிக்கட்டு நரம்பும் கெட்டால் கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு பற்ற முடியாமல் போகிறது.

இந்தக் கிருமியின் மரபுப் பொருள் முழுவதையும் படித்து 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். படிக்கப்பட்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து முதலில் எடுக்கப்பட்ட வகை. அதன் மரபணுக்களில் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டவை செயலற்றுச் சிதைந்து கிடந்தன. செயற்கை ஊட்டத்தில் வளர்க்க முடியாதபடி, பிற உயிரின் உடலையே நம்பி வாழும் நலிந்த உயிர் அது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையிலேயே உண்டு. மருந்துண்ணாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கிப் பழகுவோரில் சிலரையே அது பற்றுகிறது. இத்தகைய எளிய கிருமிக்கு அஞ்சியா மனிதன் மனிதனைக் காட்டுக்குத் துரத்தினான்!

கிருமியைக் கண்ட பின்னராவது கொடுமை குறைந்ததா? இல்லை. சாபத்தின் இடத்தில் தொற்று என்னும் அச்சம் வந்து அமர்ந்தது. இந்தியாவில் 1890-91-இல் ஆய்வு நடத்திய தொழுநோய் ஆணைக்குழு, நோய் தொற்றும் அளவு மிகச் சிறிதென்றே கருதியது. ஆயினும் 1898-இல் ஆங்கில அரசு தொழுநோயாளர் சட்டத்தை இயற்றியது. வாழ வழியற்ற, பிச்சை எடுக்கும் நோயாளியை ஆணைத்தாள் இல்லாமலே காவலர் பிடிக்கலாம், இல்லத்தில் அடைக்கலாம். பொதுக் கிணற்றில் நீராடுவதையும் வாடகை வண்டியில் ஏறுவதையும் அரசு தடை செய்யலாம். செல்வன் நோயுற்றால் மாளிகையில் இருக்கலாம். ஏழை நோயுற்றால் காவலில் இருக்க வேண்டும். கிருமி பணப்பையைப் பார்ப்பதில்லை, சட்டம் பார்த்தது!

அந்தச் சட்டம் இயற்றப்பட்டபோது தொழுநோயாளன் என்பதற்கு அளித்த விளக்கத்தையும் நாம் கவனித்தல் வேண்டும். புண் உண்டாகத் தொடங்கியவனே அதன் கண்ணுக்குத் தொழுநோயாளன். மரத்த கையோடு, வெளிறிய தேமலோடு, இன்னும் காப்பாற்றக்கூடிய நிலையில் நின்றவனைச் சட்டம் காணவில்லை. புண்ணாகி, விரல் மடங்கி, வாழ்வு கெட்ட பிறகே கண்டது. அப்போதும் மருந்து கொடுக்க அன்று, அடைத்து வைக்க.

மருந்தின் கதை தனிக்கதை. நீரடிமுத்து எண்ணெயையும் அதன் இனத்து எண்ணெய்களையும் கிழக்கு நாடுகள் நெடுங்காலம் பயன்படுத்தின. குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் தசையில் கட்டி நிற்கும். அவாய்த் தீவில் ஆலிசு பால் என்னும் கறுப்பினப் பெண், இருபத்து மூன்று வயது வேதியியலாளர், அந்த எண்ணெயை உடலில் எளிதாகக் கலக்கும் வடிவுக்கு மாற்றும் முறையைக் கண்டார். 1916-இல், இருபத்து நான்கு வயதிலேயே அவர் இறந்தார். அவர் பணியைத் தொடர்ந்த கல்லூரித் தலைவர், பால் பெயரைச் சொல்லாமலே முறையை வெளியிட்டார். 1922-இல் மருத்துவர் ஒருவர் அது பால் கண்ட முறை என்று எழுதினார். பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பித்தது 2000-ஆம் ஆண்டில். உழைத்தவள் பெயர் மறைக்கப்படுவதற்குக் கடல்கூட எல்லையில்லை போலும்!

1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்போன் வகை மருந்து பயன் தந்தது. 1940-களின் பிற்பகுதியில் நம் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இராபர்ட் காக்ரேன், அந்த வகையின் மூலப்பொருளான டாப்சோனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். 1908-இலேயே செருமனியில் செய்யப்பட்டு எவரும் கவனியாது கிடந்த மலிவான பொருள் அது. அதை எதிர்த்து நிற்கும் கிருமிகள் 1964-இல் மலேசியாவில் உறுதி செய்யப்பட்டன. 1981-இல் உலக நல நிறுவனம், டாப்சோன், ரிபாம்பிசின், குளோபசிமின் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருத்துவத்தைப் பரிந்துரைத்தது. நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் கிருமி ஒழிகிறது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளி பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடுகிறது.

ஆனால், கிருமி செத்தாலும் செத்த நரம்பு உயிர் பெறுவதில்லை. நோய் நீங்கியது, கை நீங்காமல் மரத்தே இருந்தது. அந்தக் கையைப் பற்றிய பெரும்பொய் உடைந்தது நம் தமிழ் மண்ணில்தான்.

பால் பிராண்டு, 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். சமயத் தொண்டர் குடும்பத்தவர். அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு காக்ரேனின் மருத்துவமனையைக் காணச் சென்றார். மடங்கிய விரல்களையுடைய நோயாளி ஒருவரின் கையில் தம் கையைக் கொடுத்துப் பற்றச் சொன்னார். பிடி இரும்பாக இறுகிற்று! உணர்வற்ற அந்தக் கையில் முன்கைத் தசைகள் வலிமை குன்றாமல் இருந்தன. கெட்டவை கையிலுள்ள சிறு தசைகளே. அப்படியானால் வலிமையுள்ள தசையின் நாணை எடுத்துச் செயலற்ற விரலுக்குப் பொருத்தினால் என்ன? செய்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

அடுத்தது இன்னும் பெரிய கேள்வி. விரல்கள் ஏன் குறைகின்றன? தொழுநோய்ச் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்றே மருத்துவ உலகமும் நம்பியிருந்தது. அவரும் அவருடைய துணைவர்களும் நோயாளரின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து நோக்கினர். சுடுகலத்தை வெறுங்கையால் எடுக்கிறான், கொப்புளம் எழுகிறது, அவன் அறியான். உளிப்பிடியின் பிசிறு உள்ளங்கையைக் கிழிக்கிறது, அவன் அறியான். நாம் பேனாவை அழுத்திப் பிடித்தால் வலி 'போதும்' என்கிறது. அவனுக்கு அப்படிச் சொல்வார் எவருமில்லை. இரவில் உறங்கியவன் விடியலில் விரல் நுனி இல்லாமல் எழுகிறான். காத்திருந்து பார்த்தால், எலி வந்து கடிக்கிறது! அன்றிலிருந்து வீடு திரும்பும் நோயாளியிடம் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். கைப்பிடிகளுக்கு உறை போட்டார்கள். நாள்தோறும் கையைக் கண்ணால் சோதிக்கப் பழக்கினார்கள். புண்ணை ஆற விட்டால், மற்றவர் சதையைப் போலவே அந்தச் சதையும் ஆறிற்று.

விளங்கிவிட்டது உண்மை. சாபம் விரலைத் தின்னவில்லை. கிருமிகூட நேரே தின்னவில்லை. வலி என்னும் காவலாள் இல்லாத வீட்டில் நெருப்பும் ஆணியும் எலியும் புகுந்தன. பல்லாயிரம் ஆண்டு வினைப்பயன் வேதாந்தத்துக்கு ஒரு பூனை விடை சொல்லிற்று! பிராண்டு கடவுள் பற்றுடையவர்தாம். நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விரல் ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு விடையை அவர் வேதத்தில் தேடவில்லை. நோயாளியின் கையில் தேடினார். அதனால் கிடைத்தது.

அவர் கண்ட இன்னோர் உண்மை நம் நெஞ்சைச் சுடும். கை சீர்பெற்றுச் சென்ற நோயாளி ஒருவர் திரும்பி வந்து குறைப்பட்டார்: இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை, மடங்கிய கையைக் கண்டு காசு போட்டவர்கள் நிமிர்ந்த கையைக் கண்டு போடவில்லை, வேலையும் எவரும் தரவில்லை! மருத்துவம் கையை நிமிர்த்திற்று. சமுதாயம் அந்த மனிதனை நிமிர விடவில்லை. அதனால்தான் வேலூரில் நவஜீவ நிலையம் எழுந்தது. தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. அந்த மருத்துவக் கல்லூரியிலேயே மேரி வர்கீசு என்னும் இளம் மருத்துவர் 1954-இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். தாமே தொழுநோயுற்றுத் தேறிய தி. நா. ஜகதீசன், தம் பெயரோடு தம் கதையை நூலாக வெளியிட்டார். நோயை மறைப்பதே மானம் என்றிருந்த காலத்தில், மறைக்காததே மானம் என்று காட்டினார்.

தோழர்களே, அயலார் குற்றத்தைச் சொன்ன வாயால் நம் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மேடையில் முழங்கி, 1954-இல் திரைக்கும் வந்த 'இரத்தக்கண்ணீர்' சமுதாயப் போலிகளைத் தோலுரித்த நாடகம். எம். ஆர். இராதாவின் குரல் ஆயிரம் மூடநம்பிக்கைகளைச் சுட்டது. ஆயினும், மனைவியைக் கைவிட்டுப் பரத்தையை நாடிய நாயகனுக்கு அந்தக் கதை வழங்கிய தண்டனை என்ன? தொழுநோய்! வினைப்பயனை நையாண்டி செய்த மேடையிலேயே, நோய் என்பது ஒழுக்கக்கேட்டின் கூலி என்னும் எண்ணம் அமர்ந்து கைத்தட்டல் பெற்றது. பழைய பொய் எவ்வளவு ஆழத்தில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கடவுளின் தண்டனை என்பதை எடுத்துவிட்டுக் கதையின் தண்டனை என்று வைத்தாலும், பழி சுமப்பவன் நோயாளியே.

இன்றைய நிலை யாது? 2005-ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் கீழே நோய் குறைந்துவிட்டது என்று இந்திய அரசு அறிவித்தது. குறைந்தது உண்மை, ஒழிந்துவிட்டது என்பது உண்மையன்று. 2023-ஆம் ஆண்டில் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 1,82,000-க்கு மேற்பட்டோர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காட்டி மணவிலக்குப் பெறலாம் என்று திருமணச் சட்டங்களில் இருந்த விதிகள் 2019-இல்தான் எடுக்கப்பட்டன. குணமாக்கும் கூட்டு மருந்து பரிந்துரைக்கப்பட்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து! மருந்து ஓடிவந்த வேகத்தில் சட்டம் வரவில்லை. சட்டம் வந்த வேகத்தில்கூட உள்ளம் வரவில்லை.

ஆகவே, இளைஞர் செய்ய வேண்டியது தெளிவு. கை மதமதத்தாலே தொழுநோய் என்று எவரையும் அச்சுறுத்த வேண்டா. நாம் முதலிற் சொன்னவாறு காரணங்கள் பல. ஆனால், மரப்பு நீடிக்குமானால் மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் ஓடுவோரைத் தடுத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தோலில் வெளிறியோ சிவந்தோ ஒரு தேமல் கண்டு, அதைப் பஞ்சால் வருடினாலும் உணர்வில்லை என்றால், ஒரு நாளும் தாழ்த்தாது அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் செல்லச் சொல்லுங்கள். அங்கே மருந்து இலவசம். நரம்பு கெடத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் பார்த்தால் தக்க மருத்துவத்தால் உணர்வு திரும்பவும் கூடும். அந்த ஆறு மாதத்தை வெட்கத்தில் கழித்தவனின் விரலைத்தான் உலகம் பின்னர் 'வினை' என்றது.

பள்ளியில் பணியாற்றும் நம்மைப் போன்றோருக்குப் பொறுப்பு இன்னும் மிகுதி. பிள்ளையின் கன்னத்துத் தேமலையும், எழுதுகோல் நழுவும் கையையும் பெற்றோரைவிட நாம் முந்திக் காணக்கூடும். கண்டால், வகுப்பின் முன் பெயர் சொல்லிக் கூச வைக்காமல், அன்று மாலையே பெற்றோரிடம் பேசிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மருந்துண்ணும் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு அதே பலகையில் அமர்ந்து படிக்கலாம், படிக்க வேண்டும். அதைத் தடுக்கும் பெற்றோர் எவரேனும் வந்தால், ஹான்சனின் பதிவேட்டையும் வேலூரின் பூனையையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமை நம்முடையது.